பல் உறைக்கு விளிம்புதான் உயிர்

கேள்வி: எனக்கு வயது 58. பள்ளத்தூரில் வசிக்கிறேன். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. கீழ் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடிந்து, இப்போது தற்காலிகமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். மேலே கேப் போட வேண்டும், அதற்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். மிச்சம் இருக்கிற பல்லையும் ஏன் செதுக்க வேண்டும்? மெட்டல் செராமிக், ஜிர்கோனியா, இ.மேக்ஸ் என்று மூன்று வகை சொல்லி, மூன்றுக்கும் மூன்று விலை சொன்னார். என் நாத்தனாருக்குப் போட்ட மெட்டல் செராமிக் கேப் சீப்புச் சீடை கடித்தபோது பெயர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு ஒரே நாளில் கேப் போட்டு அனுப்பிவிட்டார்கள்; இங்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மேலும், என் மேல் முன்பல்லில் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கேப்பின் ஈறு ஓரத்தில் கருங்கோடு ஒன்று தெரிகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம். உங்களைப் போலவே மூன்று பெயரையும் மூன்று விலையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எதைத் தேர்வது என்று தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேப் என்று சொல்லும் உறை எந்தப் பொருளால் ஆனது என்பது முக்கியம்தான். ஆனால் அது பல்லோடு சேரும் விளிம்பு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். விலை உயர்ந்த உறையின் விளிம்பில் இடைவெளி இருந்தால் அதன் அடியில் பல் மறுபடியும் சொத்தையாகும். விளிம்பு செம்மையாக அமைந்த எளிய மெட்டல் செராமிக் உறை நெடுங்காலம் உழைக்கும்.

பல்லை ஏன் செதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேர் சிகிச்சை செய்யும்போது சொத்தையை அகற்றி, நரம்பு இருக்கும் அறையைத் திறப்பதற்காகப் பல்லின் நடுப்பகுதியையும் எடுத்துவிடுகிறோம். எஞ்சி நிற்பவை மெலிந்த சுவர்கள் மட்டுமே. கடைவாய்ப் பல்லில் விழும் கடி, அந்தச் சுவர்களை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஒருநாள் ஏதாவது கடினமானதைக் கடிக்கும்போது சுவர் வேர்வரை பிளந்துவிட்டால், அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. உறை அந்தச் சுவர்களை நாற்புறமும் அணைத்துப் பிடிக்கிறது. அப்படிப் பிடிக்க உறைக்கு ஒரு கனம் வேண்டும், அந்தக் கனத்துக்கு இடம் வேண்டும். கடிக்கும் பரப்பில், உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய மெட்டல் செராமிக் என்றால் சுமார் 1.5 முதல் 2 மி.மீ., இ.மேக்ஸ் என்ற ஒளி புகும் பீங்கான் வகைக்குச் சுமார் 1.5 மி.மீ., மிக உறுதியான வெள்ளைப் பீங்கான் வகையான ஜிர்கோனியாவிலேயே முழுக்கச் செய்ததற்குச் சுமார் 1 மி.மீ. அளவு குறைக்க வேண்டியிருக்கும். பக்கங்களிலும் அதே விகிதத்தில் செதுக்கி, மேலே சற்றே குறுகும்படி ஒரு சாய்வு கொடுப்போம். இல்லாவிட்டால் உறை இறங்காது. “பல்லைச் செதுக்காமலே கேப் போட்டுத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால், பின்பல் விஷயத்தில் அதை ஏற்காதீர்கள். இடமில்லாத இடத்தில் வைத்த உறை ஒன்று கடியில் உயர்ந்து நிற்கும், அல்லது ஈறு ஓரத்தில் புடைத்துக்கொண்டு உணவைத் தேக்கும்.

பல்லின் சுவர்கள் நல்ல கனத்தோடு இருந்தால், முழு உறைக்குப் பதிலாக மேற்பரப்பையும் முனைகளையும் மட்டும் மூடும் ஆன்லே என்ற பகுதி உறை வைக்க முடியும். அதில் செதுக்குவது குறைவு. உங்கள் பல்லுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈறுக்கு மேலே ஆரோக்கியமான சொந்தப் பல் சுற்றிலும் எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது? 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்காவது சொந்தப் பல்லை உறை வளையம் போட்டுப் பிடித்தால்தான் அது நிலைக்கும். உறை வெறும் அடைப்புப் பொருளின் மேல் மட்டும் உட்கார்ந்திருந்தால், எந்தப் பீங்கானாக இருந்தாலும் சில காலத்தில் அடைப்போடு சேர்ந்து கழன்று வரும்.

செதுக்கி முடித்ததும் அளவு எடுப்பது. இந்த வேலை முழுவதிலும் நோயாளிகள் அதிகம் கவனிக்காத கட்டமும், மருத்துவர் அதிகம் பொறுமை காட்ட வேண்டிய கட்டமும் இதுதான். விளிம்பு பெரும்பாலும் ஈறின் ஓரத்தை ஒட்டியோ, அதற்குச் சற்றே உள்ளேயோ இருக்கும். ஈறு அதன்மேல் சாய்ந்து கிடந்தால் அளவில் விளிம்பு பதியாது. ஆகவே மருந்தில் நனைத்த மெல்லிய நூலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக அழுத்திச் செருகி, சில நிமிடங்கள் விட்டு, ஈறு விலகியதும் நூலை எடுத்து, இரத்தமோ உமிழ்நீரோ ஊறுவதற்குள் சிலிக்கோன் பசையால் அச்சு எடுக்கிறோம். கேமரா பொருத்திய ஸ்கேனரால் எடுப்பதானாலும் இந்த நூல் வேலை தப்பாது; ஈறுக்கும் இரத்தத்துக்கும் அடியில் மறைந்திருக்கும் விளிம்பை எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் தனியாகச் சொல்வது இதனால்தான். ஈறு வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் நிலையில் இருந்தால், முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஈறு இறுகும்வரை காத்திருந்து, பிறகு அளவு எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காத்திருப்பை வீண் தாமதமாக நினைக்க வேண்டாம். கசியும் ஈறில் எடுத்த அச்சில் விளிம்பு இழுபட்டு மங்கியிருக்கும். உறை செய்யும் லேபில் இருப்பவர் அந்த இடத்தை ஊகித்து வரைவார். அந்த ஊகம்தான் பிறகு உங்கள் வாயில் இடைவெளியாக வந்து சேரும்.

பல்லின் நிறத்தையும் அதே நாளில் குறிப்பார்கள். முன்பல்லுக்கு இது மிக முக்கியம். வந்து உட்கார்ந்ததும், பல் ஈரமாக இருக்கும்போதே, சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து வைத்து வேலை செய்த பிறகு பல் உலர்ந்து, தன் இயல்பைவிட வெளுத்துத் தெரியும். அப்போது நிறம் பார்த்துச் செய்த உறை, மறுநாள் பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். வெற்றிலைக் கறை, காபிக் கறை எதுவும் இருந்தால் அதையும் முன்னரே சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

இனி லேபில் நடப்பது. காரைக்குடியைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் எடுக்கும் அளவுகள் பலவும் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய், அங்கிருந்து உறையாகத் திரும்புகின்றன. ஒரு வாரத்தில் ஒரு பகுதி போக்குவரத்துக்கே ஆகிறது. மீதி, கைவேலைக்கும் சூளைக்கும்.

மெட்டல் செராமிக்கில், முதலில் நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் மெல்லிய தொப்பி ஒன்று செய்கிறார்கள். உலோகத்தின் கருமை தெரியாதிருக்க அதன்மேல் ஒளி புகாத பூச்சு ஒன்றைச் சுடுகிறார்கள். பிறகு பீங்கான் தூளைத் திரவத்தில் குழைத்து, தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டு, உள்நிறம் முதலிலும் வெளிநிறம் பிறகுமாகப் பல்லின் வடிவத்தை எழுப்புகிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் தட்டி அதிர வைத்து, மேலே கசியும் நீரை மெல்லிய தாளால் ஒற்றி எடுப்பார்கள். துகள்கள் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்குப் பீங்கான் உறுதிப்படும். காற்றை உறிஞ்சி எடுத்த சூளையில், 900 டிகிரி செல்சியஸைச் சுற்றிய வெப்பத்தில் சுடும்போது, அது கனஅளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் வேண்டியதைவிடப் பெரிதாக எழுப்பி, சுட்டு, குறைந்த இடத்தில் மறுபடி வைத்து, மறுபடி சுட வேண்டும். ஆறும்போது உலோகம் பீங்கானைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும்படி இரண்டையும் பொருத்தம் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். அதனால் பீங்கான் எப்போதும் ஓர் இறுக்கத்தில் இருக்கிறது.

அந்த இறுக்கம் ஏன் வேண்டும் என்றால், பீங்கானின் குணம் அப்படி. உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி இருக்குமானால், நிறைய உப்பும் மாங்காயும் சுமந்து எத்தனையோ ஆண்டு நின்ற அது, கரண்டிக்காம்பு ஓரத்தில் பட்ட ஒரு தட்டில் சில்லு பெயர்வதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையைப் பீங்கான் தாங்காது. உங்கள் நாத்தனாரின் உறையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது; ஆனால் இப்படிப் பெயர்வதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. உள்ளே உலோகத் தொப்பி பல்லின் வடிவத்தைப் பின்பற்றாமல் தட்டையாக இருந்து, முனையில் பீங்கான் மட்டும் தாங்கல் இல்லாமல் கனமாக நின்றிருக்கலாம். அல்லது அந்த இடம் எதிர்ப்பல்லில் ஏற்கெனவே உயரமாக இடித்துக்கொண்டிருந்திருக்கலாம். சீடை கடைசித் தட்டு மட்டுமே.

ஜிர்கோனியாவின் கதை வேறு. கணினியில் வரைந்த வடிவத்தை, முக்கால் பதத்தில் சுட்ட வெள்ளை வட்டிலிலிருந்து எந்திரம் கடைந்தெடுக்கிறது. கடைந்த உடனே கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: நகத்தால் அழுத்தினால் தூள் உதிரும், பல்லைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருக்கும், பல்லின் மேல் வைத்தால் தொளதொளவென்று ஆடும். பிறகு 1,500 டிகிரியைச் சுற்றிய வெப்பத்தில் பல மணி நேரம் சூளையில் இருந்து வரும்போது, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, மிகச் சரியான அளவுக்கு வந்து, இரும்பை ஒத்த உறுதியோடு நிற்கும். ஒவ்வொரு வட்டிலும் எவ்வளவு சுருங்கும் என்பதை உற்பத்தியாளர் அதன்மேலேயே எண்ணாக அச்சிட்டிருப்பார். அந்த எண்ணைக் கணினியில் சரியாகக் கொடுத்தால்தான் விளிம்பு பொருந்தும். சூளையை அவசரப்படுத்தினாலும், தரம் தெரியாத வட்டிலைப் பயன்படுத்தினாலும் இந்தக் கணக்கு பிசகும். ஆகவே, ஜிர்கோனியா என்ற பெயரில் மிக மலிவாகக் கிடைப்பதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு.

ஜிர்கோனியா ஏன் இவ்வளவு உறுதி என்பதை 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அதில் ஒரு விரிசல் தொடங்கினால், விரிசல் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறி, கனஅளவில் சுமார் 4 விழுக்காடு விரிந்து, விரிசலை நெருக்கி மூடப் பார்க்கின்றன. வளைத்து ஒடிக்கும் சோதனையில், உலோகத்தின் மேல் பூசும் சாதாரணப் பீங்கான் 100 மெகாபாஸ்கலை (தாங்கும் அழுத்தத்தின் அலகு) ஒட்டியே தாங்குகிறது, இ.மேக்ஸ் எனப்படும் லித்தியம் டைசிலிக்கேட் 360 முதல் 500 வரை. பின்பல்லுக்கான ஜிர்கோனியா 900 முதல் 1,200 வரை. முன்பல்லுக்கென்று அதிக ஒளி புகும்படி செய்த ஜிர்கோனியா வகைகள் இதைவிடக் கணிசமாகக் குறைந்த உறுதியுடையவை. எனவே “ஜிர்கோனியா” என்று மட்டும் கேட்காமல், எந்த வகை என்றும் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் உங்கள் மகளுக்கு ஒரே நாளில் செய்தது, மருத்துவமனையிலேயே ஸ்கேனரும், உறையைக் கடைந்தெடுக்கும் எந்திரமும், சிறு சூளையும் வைத்துச் செய்யும் முறையாக இருக்கும். அது 1985இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. பெரும்பாலும் லித்தியம் டைசிலிக்கேட் கட்டியைத்தான் அதற்கு எடுப்பார்கள். கடையும்போது அது நீல ஊதா நிறத்தில் இருக்கும். சூளையில் 850 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அரைமணி நேரத்துக்குள் படிகம் முற்றி, பல் நிறத்துக்கு வந்துவிடும். நல்ல முறைதான். அதற்காக ஒரு வாரத்தில் லேபில் செய்தது மட்டம் என்று எண்ண வேண்டாம். விளிம்பு நன்றாகப் பதிந்த அச்சும், கைத்திறமுள்ள டெக்னீஷியனும் அமைந்தால் இரண்டும் ஒன்றுதான். இடைப்பட்ட நாள்களில் செதுக்கிய பல்லின் மேல் தற்காலிக உறை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, வந்த உறை இறங்காமல் போகும்.

உங்கள் கடைவாய்ப் பல்லுக்கு என் பரிந்துரை, பீங்கான் பூச்சு இல்லாத, முழுக்க ஜிர்கோனியாவிலேயே கடைந்த உறை. அதில் பெயர்வதற்குத் தனி அடுக்கு கிடையாது, செதுக்குவதும் குறைவு. செலவு தாங்கவில்லை என்றால், நன்றாகச் செய்த மெட்டல் செராமிக்கைப் போட்டுக்கொள்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. கடிக்கும் பரப்பை உலோகமாகவே விட்டு, வெளியே தெரியும் பக்கத்துக்கு மட்டும் பீங்கான் வைக்கச் சொல்லலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கவரிங் தோடு போட்டால் உங்களுக்குக் காது அரித்துப் புண்ணாகுமானால், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நிக்கல் கலந்த உலோகத்தைத் தவிர்ப்பார். உறையோடு தரும் பத்தாண்டு, பதினைந்தாண்டு உத்தரவாத அட்டையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அது பொருள் உடைவதைப் பற்றிய வாக்கு. விளிம்புக்கு அடியில் பல் சொத்தையாவதற்கு அதில் இடம் இருப்பதில்லை, உறைகளை இழப்பதோ பெரும்பாலும் அதனால்தான்.

பொருத்தும் நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பசை போடுவதற்கு முன் உறையை வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் இரு பக்கத்துப் பற்களோடும் தொடுகை: பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் சற்றே தடைபட்டு, ‘டக்’கென்று இறங்க வேண்டும், தடையே இல்லாமல் போனால் அந்தச் சந்தில் கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் தினமும் சிக்கும், இறங்கவே மறுத்தால் உறை முழுதாக உட்காரவில்லை என்று பொருள். அடுத்து விளிம்பு: கூர்முனைக் கருவியை உறையிலிருந்து பல்லுக்கும், பல்லிலிருந்து உறைக்கும் இழுத்துப் பார்க்கும்போது எங்கும் மாட்டக் கூடாது. 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதைச் சுற்றிய இடைவெளிவரை ஏற்கலாம் என்பது பல் மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. கருவி பளிச்சென்று மாட்டுமானால், அந்த உறையைத் திருப்பி அனுப்பி, புதிதாக அளவு எடுப்பதே நேர்மை. பசையால் நிரப்பிச் சரிக்கட்டக் கூடாது. பசை நாளடைவில் தேயும், பல் வெளிப்படும். “விளிம்பு சரியாக இருக்கிறதா, டாக்டர்? ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமா?” என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாகக் கடி. நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதியும் இடங்களைத் தேய்ப்போம். நேராகக் கடிப்பதோடு, மெல்லுவது போலப் பக்கவாட்டிலும் தாடையை நகர்த்திக் காட்டுங்கள். தேய்த்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றாமல் விடக் கூடாது. மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் தேய்ப்பதில்லை. சொரசொரப்பாக விட்டதோ எதிர்ப்பல்லின் எனாமலை அராவிவிடும். உறை வந்த பிறகு “உயரமாக இருக்கிறது” என்று நீங்கள் சொல்லி, “இரண்டு நாளில் பழகிவிடும்” என்று பதில் வந்தால், அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பழகாது, பல்லைச் சுற்றிய எலும்புதான் நோகும். கன்னம் மரத்திருக்கும் நிலையில் உங்களால் கடியைச் சரியாக உணர முடியாது என்பதால், இரண்டொரு நாள் கழித்து மறுபடி ஒருமுறை காட்டுவது நல்லது.

ஒட்டும் முறையும் பொருளுக்குப் பொருள் வேறு. இ.மேக்ஸ் உறையின் உட்புறத்தை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் சில நொடி அரித்து, பசையைப் பீங்கானோடு பிணைக்கும் சைலேன் என்ற திரவத்தைப் பூசி, ரெசின் பசையால் ஒட்ட வேண்டும். அப்போதுதான் அதன் முழு உறுதி கிடைக்கும். ஜிர்கோனியாவை அந்த அமிலம் அதே விதமாக அரிக்காது. அதன் உட்புறத்தை நுண்ணிய அலுமினாத் துகளால் மிதமான அழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்து, அதற்கேற்ற பசையால் ஒட்டுகிறோம். பல் நல்ல உயரம் உள்ளதாக இருந்தால் கிளாஸ் அயனோமர் வகைப் பசையே போதும். எதுவானாலும், ஈறுக்கடியில் தங்கும் பசைத் துணுக்கை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். அது தங்கினால் ஈறு ஆறவே ஆறாது.

முன்பல்லின் கருங்கோட்டுக்கு வருகிறேன். வயதாக ஆக ஈறு சற்றே ஏறுகிறது. அதுவரை மறைந்திருந்த உலோக ஓரமும், வேர் சிகிச்சை செய்த பல்லானால் கறுத்த வேரும் வெளியே தெரிகின்றன. அது கறை மட்டும்தானா, அல்லது விளிம்பில் சொத்தை புகுந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் கருவியும்தான் சொல்லும். விளிம்பு உறுதியாக இருந்து, சிரிக்கும்போது அந்த இடம் உதட்டுக்குள் மறைந்துவிடுமானால், அதைத் தொடாமல் விடுவதே என் யோசனை. பழைய உறையை அறுத்தெடுக்கும்போது அடியில் உள்ள பல்லுக்குச் சேதம் வரலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் பல்லின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல் வெளிர்நிறமாக இருந்தால் இ.மேக்ஸ் இயற்கையான பல்லைப் போலவே ஒளியை உள்வாங்கித் தெரியும். பல் கறுத்தோ உள்ளே உலோகத் தண்டு வைத்தோ இருந்தால், அந்த ஒளி புகும் தன்மையே கெடுதலாகி, உறை சாம்பல் பூத்துத் தெரியும். அங்கே உட்புறம் ஒளிபுகா ஜிர்கோனியாவும் வெளிப்புறம் பீங்கானும் உள்ள உறையே பொருந்தும்.

இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம். கடைவாய்ப் பல்தான் அவசரம். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது கசிந்தால் உமிழ்நீரும் கிருமியும் வேருக்குள் இறங்கி, செய்த வேர் சிகிச்சையே வீணாகும். அந்த அடைப்பை நிலையான அடைப்பாக மாற்றி, ஈறைச் சுத்தம் செய்து, பல்லைச் செதுக்கி, உறையைப் பொருத்திக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் சீடை, முறுக்கு, கொட்டைப்பாக்கு எதுவும் கடிக்காதீர்கள். உறை வந்த பிறகும் பாக்கை விட்டுவிடச் சொல்வேன். பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்திருக்கிறது. உறைக்கும் அது நல்லதல்ல. உறைக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் நுழையும் சிறு பிரஷ்ஷை மருத்துவரிடம் அளவு பார்த்து வாங்கி, இரவில் ஒருமுறை விளிம்பைச் சுற்றித் தேய்த்துவிட்டுப் படுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். அப்போது முன்பல்லையும் சேர்த்துப் பார்த்து, மாற்றுவதா விடுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.